பதின்ம வயதுப் பிள்ளைக்கு அலர்ஜியா? படுக்கையறை முதல் பள்ளிச் சுற்றுலா வரை முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு அப்போது பதினான்கு வயது. தோழி வீட்டில் பிறந்தநாள். இறால் அவளுக்கு ஆகாது என்று அந்த வீட்டாருக்குத் தெரியும். அதனால் அவளுக்கென்று தனியாக முட்டை ஃப்ரைட் ரைஸ் வாங்கி வைத்திருந்தார்கள். அதைச் செய்த வாணலியில் சற்று முன்புதான் இறால் புரட்டியிருந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. நாலைந்து வாய் சாப்பிட்டதும் உதடு குறுகுறுத்திருக்கிறது, தொண்டைக்குள் அரித்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் எழுந்து போய் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டாள். கால் மணி நேரம் கழித்துத் தோழி கதவைத் தட்டித் திறக்க வைத்தபோது, முகம் வீங்கிப் பேச்சு வராமல் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் இருந்த மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே அலர்ஜி ஊசி ஒன்று, ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டு, "சரியாயிடும்" என்று பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். மூச்சு இரைக்கத் தொடங்கிய பிறகுதான் இன்னொரு டாக்டர் வந்து அட்ரினலின் போட்டார். அதன்பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது, எனக்கும்.

மறுநாள் கேட்டேன், ஏன் பாத்ரூமுக்குப் போனாய் என்று. "கேக் வெட்டுற நேரம்மா. எல்லாரும் என்னையே பார்ப்பாங்களேன்னு போயிட்டேன்" என்றாள்.

உணவு அலர்ஜியால் உயிருக்கு ஆபத்து வருவது பதின்ம வயதினருக்கும் இளைஞர்களுக்கும்தான் அதிகம் என்று டாக்டர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அது ஏன் என்று அந்த ஒரு பதிலில் எனக்குப் புரிந்துவிட்டது. சின்ன வயதில் தட்டில் என்ன விழுகிறது என்று நாம் பார்த்துக்கொண்டோம். இந்த வயதில் அலர்ஜி வரும் இடத்தில் பிள்ளை மட்டும்தான் இருக்கிறது. கீழே எழுதியிருப்பதெல்லாம் ஒரே ஒரு வேலைக்காகத்தான்: நம் தலையில் இருக்கும் விவரத்தைப் பிள்ளையின் தலைக்கும், நம் கைப்பையில் இருக்கும் மருந்தைப் பிள்ளையின் பைக்கும் மாற்றுவது.

படி 1: உடம்புக்குள் நடப்பதைப் பிள்ளைக்குப் புரிய வையுங்கள்

அலர்ஜி என்ற சொல்லை 1906இல் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் ஃபான் பிர்கே உருவாக்கினார். நம் உடம்பின் காவல்படை, கிருமியைக் கண்டால் சண்டை போட வேண்டியது, இறாலையும் தூசியையும் கண்டு சண்டைக்குப் போய்விடுகிறது. முதல் தடவை அந்தப் பொருள் உள்ளே வரும்போது, அதை அடையாளம் வைத்துக்கொள்ள ஐஜிஇ என்ற புரதத்தை உடம்பு தயாரிக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. அந்த ஐஜிஇ, மாஸ்ட் செல் எனப்படும் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை அதே பொருள் வந்தால் அந்த செல்கள் வெடித்ததுபோல ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும். மூக்கில் கொட்டினால் தும்மல், தோலில் கொட்டினால் தடிப்பு, மூச்சுக்குழாயில் கொட்டினால் இளைப்பு. உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் கொட்டினால் அதுதான் அனஃபைலாக்சிஸ்.

"இத்தனை வருஷம் சாப்பிட்டாளே, இப்போது மட்டும் எப்படி?" என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. உடம்பு அடையாளம் வைத்துக்கொள்வது எந்த வயதிலும் நடக்கலாம். பால், முட்டை அலர்ஜி பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரப் போய்விடும். வேர்க்கடலை, இறால், நண்டு அலர்ஜி பெரும்பாலும் போகாது. ஆஸ்துமா சிறு வயதில் ஆண்பிள்ளைகளுக்கு அதிகம், பருவமடைந்த பிறகு பெண்பிள்ளைகளுக்கு அதிகம்.

இறாலில் இருக்கும் ட்ரோபோமயோசின் என்ற புரதத்தைப் போன்ற ஒன்று தூசிப்பூச்சியிலும் கரப்பான்பூச்சியிலும் இருக்கிறது. அதனால் தூசி ஆகாத சிலருக்கு இறாலும் ஆகாமல் போகலாம். என் மகளுக்கு இரண்டும் உண்டு. ஊரில் பெரியவர்கள் இறால், நண்டு, கருவாடு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் தோலில் அரிப்பைக் கிளறும் "கரப்பான் பண்டம்" என்று ஒரே கூடையில் போடுவார்கள். அதில் பட்டறிவு இருக்கிறது, ஆனால் ஒரு பிள்ளைக்கு ஆகாதது எது என்று அந்தப் பட்டியல் சொல்லாது. மொத்தத்தையும் நிறுத்திப் பிள்ளையைக் காயப்போடாதீர்கள்.

படி 2: சளியா, அலர்ஜியா என்று ஒரு மாதம் கவனியுங்கள்

நம் வீடுகளில் இதற்கு ஆயிரம் பெயர். சைனஸ் என்பார்கள், ஈஸ்னோபீலியா என்பார்கள், "அவனுக்கு எப்பவும் சளி பிடிக்கும்" என்பார்கள். சளி என்றால் காய்ச்சலோ உடம்புவலியோ எட்டிப் பார்க்கும், ஒரு வாரம் பத்து நாளில் ஓடிவிடும். அலர்ஜிக்குக் காய்ச்சல் கிடையாது. அரிப்புதான் அதன் முத்திரை: மூக்கு, கண், மேலண்ணம், காதுக்குள் அரிக்கும். மூக்கிலிருந்து தண்ணீர்போலத் தெளிவாக வடியும். காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு தும்மல் போடும். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே மெல்லிய கோடு விழுந்திருக்கும். கண்ணுக்குக் கீழே கருமை இருக்கும், வாயைத் திறந்து தூங்கும். இரவு சரியாகத் தூங்காமல் வகுப்பில் சோர்ந்து கிடந்து, "சோம்பேறி" என்ற பெயர் வாங்கும் பிள்ளைகள் இதில் நிறைய.

ஒரு பழைய நோட்டை எடுத்துப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். தேதி, நேரம், எங்கே இருந்தேன், என்ன சாப்பிட்டேன், என்ன செய்தது, எவ்வளவு நேரம் இருந்தது. அவ்வளவு போதும். என் மகள் எழுதிய நோட்டில் மூன்றாவது வாரம் ஒன்று தெரிந்தது: பாட்டி வீட்டில் இலவம்பஞ்சு மெத்தையில் படுத்த ஒவ்வொரு இரவும் இளைப்பு. நான் எட்டு வருடமாக அதைக் கவனித்ததே இல்லை.

மீன் சாப்பிட்டு முகம் சிவந்து தடிப்பு வந்தால், அந்த மீனைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் வந்ததா என்று கேளுங்கள். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்தால் மீனிலேயே ஹிஸ்டமின் உண்டாகிவிடும். அது கெட்டுப்போன மீனால் வந்த நச்சு, பிள்ளையின் அலர்ஜி இல்லை. அதேபோல திடீர்த் தடிப்பான காணாக்கடி எல்லாமே உணவால் வருவதில்லை. கிருமித்தொற்றுக்குப் பின்னும் வரும், காரணமே தெரியாமலும் வரும்.

படி 3: டெஸ்டை நோட்டுக்குப் பின்னால் வையுங்கள்

நோட்டை எடுத்துக்கொண்டு அலர்ஜி, மூச்சு அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். தோலில் சொட்டு வைத்து லேசாகக் குத்திப் பார்க்கும் பிரிக் டெஸ்ட், இரத்தத்தில் குறிப்பிட்ட பொருளுக்கான ஐஜிஇ பார்க்கும் டெஸ்ட், இவை இரண்டும்தான் முக்கியமானவை. பிரிக் டெஸ்டுக்குச் சுமார் ஒரு வாரம் முன்பே செட்ரிசின் வகை அலர்ஜி மாத்திரைகளை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் முடிவு தப்பாக வரும். எதை எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரத்தத்தில் மொத்த ஐஜிஇ கூடியிருக்கிறது, ஈஸ்னோஃபில் என்ற வெள்ளையணு கூடியிருக்கிறது என்ற ரிப்போர்ட்டை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. வயிற்றில் பூச்சி இருந்தாலும் இரண்டும் கூடும். 200 உணவுகளுக்கு ஒரே இரத்தப் பரிசோதனை என்று விற்கிறார்களே, அதில் பல ஐஜிஜி என்ற வேறு புரதத்தை அளப்பவை. ஒரு உணவைச் சாப்பிட்டு வருகிறோம் என்பதற்கே அது கூடும். அதை நம்பிப் பால், கோதுமை, கத்தரிக்காய், வாழைப்பழம் என்று வெட்டி, வளரும் பிள்ளையை மெலிய வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். சரியான டெஸ்டில் பாசிட்டிவ் வந்தால்கூட, சாப்பிட்டால் ஒன்றும் செய்யவில்லை என்றால் அந்த உணவை நிறுத்த வேண்டியதில்லை. நோட்டும் டெஸ்டும் ஒன்றையொன்று ஒத்துப்போக வேண்டும்.

படி 4: படுக்கையிலிருந்து தொடங்குங்கள்

வீடு முழுவதையும் மாற்ற முயன்றால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். பிள்ளை எட்டு மணி நேரம் மூக்கை வைத்துப் படுக்கும் இடத்தை மட்டும் முதலில் பாருங்கள். தூசிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாது, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அதற்குச் சாப்பாடு. காற்றில் ஈரம் இருந்தால் செழிக்கும், நம் கடற்கரை ஊர்கள் அதற்குச் சொர்க்கம்.

வாரம் ஒருமுறை படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் 60 டிகிரி அளவு சூடான நீரில் துவையுங்கள். வெயிலில் போட்டால் பூச்சி காய்ந்து சாகும், ஆனால் அலர்ஜி தருவது அதன் எச்சம். அது துவைத்தால்தான் போகும். பழைய இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றுங்கள், முடிந்தால் தூசிப்பூச்சி புகாத ஜிப் உறை போடுங்கள். துவைக்க முடியாத கரடி பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்து, பிறகு அலசலாம். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பி நெடுநேரம் மிதக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். மின்விசிறி இறக்கையையும் ஈரத்துணியால்தான்.

பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும் நாளில் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுங்கள். போகிப் புகை, தீபாவளிப் புகை, கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி எல்லாமே ஆஸ்துமா இருக்கும் நெஞ்சைக் கிளறும். சாம்பிராணி போடாதே என்று மாமியாரிடம் சொல்வது கடினம்தான். எங்கள் வீட்டில் மகள் இல்லாத நேரத்தில் போட்டு, ஜன்னலைத் திறந்து வைப்பது என்று பேசி முடித்தோம்.

வெளியே சீமைக்கருவேலம், பார்த்தீனியம் இரண்டின் மகரந்தமும் தமிழ்நாட்டில் பலருக்கு ஆகாது. விளையாடிவிட்டு வந்ததும் முகம், கண் கழுவி உடை மாற்றினாலே ஓரளவு குறையும். உப்புநீரில் மூக்கைக் கழுவுவதும் நல்லது, ஆனால் கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரில் மட்டும். குழாய்த் தண்ணீரை நேராக மூக்கில் விடக்கூடாது.

படி 5: மருந்தைச் சரியாக எடுக்கக் கற்றுக்கொடுங்கள்

பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் தூங்க வைக்கும். குளோர்ஃபெனிரமின், ஃபெனிரமின் எல்லாம் அந்த வகை. செட்ரிசினும் சிலரைத் தூங்க வைக்கும். ஃபெக்சோஃபெனடின், லோராடடின் அவ்வளவாகச் செய்யாது. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். இங்கிலாந்தில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், மகரந்த அலர்ஜியோடு தேர்வு எழுதிய 15 முதல் 17 வயது மாணவர்களின் கிரேடு மாதிரித் தேர்வைவிட இறங்க வாய்ப்பு அதிகமாக இருந்தது. தூக்கம் வரும் மாத்திரை எடுத்தவர்களுக்கு இன்னும் அதிகம். பரீட்சை அட்டவணையை டாக்டரிடம் காட்டி முன்கூட்டியே மாத்திரையை மாற்றிக்கொள்ளுங்கள். புது மாத்திரையைப் பரீட்சை நாளன்று முதல்முறையாகக் கொடுக்காதீர்கள்.

மூக்கடைப்பு தினமும் இருந்தால் மாத்திரையைவிட ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற மூக்கு ஸ்ப்ரேதான் நன்றாக வேலை செய்யும். முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும். "ரெண்டு நாள் அடிச்சேன், ஒண்ணும் ஆகலை" என்று பிள்ளைகள் நிறுத்துவது இதனால்தான். அடிக்கும் முறையும் முக்கியம். முதலில் மூக்கைச் சிந்திக்கொள்ளணும். தலையைப் பின்னால் சாய்க்காமல் சற்றுக் குனியணும். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. முனை நடுத்தண்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம், காதைப் பார்க்கணும். அடித்தபின் உறிஞ்சி இழுக்கக்கூடாது, இழுத்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். இதை நான் என் மகளுக்குக் கண்ணாடி முன்னால் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாம் நாள் அவள் எனக்குத் திருத்தம் சொன்னாள். மூக்கடைப்பை நொடியில் திறக்கும் ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டுகள் வேறு. அவற்றை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

மான்டெலுகாஸ்ட் என்ற அலர்ஜி, ஆஸ்துமா மாத்திரை பற்றி ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் லீவோசெட்ரிசினோடு சேர்த்து ஒரே மாத்திரையாகச் சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். சிலருக்கு அது கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்வரை கொண்டுபோகிறது என்பதால் 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன்மேல் சேர்த்தது. இந்த வயதில் பிள்ளை மாறினால் "டீன் ஏஜ், அப்படித்தான்" என்று விட்டுவிடுவோம். மாத்திரை தொடங்கிய தேதியையும் அந்த மாற்றத்தையும் ஒருமுறை பொருத்திப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இளைப்பு இருக்கும் பிள்ளைக்கு இன்ஹேலர். "பம்ப் அடிச்சா பழகிடும், கல்யாணத்துக்கு இடைஞ்சல்" என்ற பேச்சைக் காதில் வாங்காதீர்கள். மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதும். இளைப்பை உடனே தணிக்கும் சல்பியூடமால் இன்ஹேலர் மட்டும் போதும் என்று 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை விடக்கூடாது, மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கும் மருந்தும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல். உங்கள் பிள்ளையின் சீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இவையெல்லாம் போதாதபோது, ஆகாத பொருளையே சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கும் இம்யூனோதெரபி உண்டு. ஊசியாகவோ நாக்கடியிலோ மூன்று முதல் ஐந்து வருடம். பள்ளி முடிப்பதற்குள் தொடங்கினால் வசதி.

படி 6: வெளியே சாப்பிடும் முறை

பாக்கெட் உணவில் "இதில் உள்ளவை" என்று அலர்ஜிப் பொருள்களைத் தனியாகக் குறிக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020 லேபிள் விதி. கோதுமை போன்ற குளூட்டன் உள்ள தானியம், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா, உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் ஆகியவை அந்தப் பட்டியல். எள் அதில் இல்லை. எள் ஆகாத பிள்ளை என்றால் அந்தக் குறிப்பை நம்பாமல் முழு மூலப்பொருள் பட்டியலையும் படிக்க வேண்டும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், இட்லிப்பொடி, எள்ளுருண்டை, சில பிஸ்கட், பன் எல்லாவற்றிலும் எள் இருக்கும்.

ஹோட்டலில் "இறால் இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். கேட்க வேண்டியது: "இதே வாணலியிலும் எண்ணெயிலும் இறால் போடுவீங்களா?" பிள்ளை வாயால் கேட்கட்டும். முதலில் கூச்சப்படும், நாலாவது ஹோட்டலில் சரளமாக வரும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சிலருக்குக் கோதுமையோ இறாலோ சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. சாப்பிட்டுச் சில மணி நேரத்துக்குள் ஓடி விளையாடினால் மட்டும் அனஃபைலாக்சிஸ் வரும். பரோட்டா சாப்பிட்டுவிட்டு கபடி ஆடும்போது உடம்பெல்லாம் தடித்து மயங்கினால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் இந்தத் தொடர்பைச் சொல்லுங்கள்.

தோலுக்கும் ஒரு வார்த்தை. கறுப்பு மெஹந்தி என்று விற்பதில் பிபிடி என்ற தலைச்சாய ரசாயனம் கலந்திருக்கலாம். கையில் கொப்புளம் வந்தால், பிற்காலத்தில் தலைச்சாயமும் ஆகாமல் போகலாம். கவரிங் கம்மலில் நிக்கல், ஸ்டிக்கர் பொட்டின் பசை இரண்டும் அரிப்பு தரும். பொட்டு வைத்த இடத்தில் வெள்ளையாக விழுந்தாலும் உடனே நிறுத்துங்கள்.

படி 7: அவசரத்தில் செய்ய வேண்டியது

இதைப் பிள்ளையும் நண்பர்களும் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சாப்பிட்ட பிறகோ பூச்சி கடித்த பிறகோ மூச்சுத்திணறல், குரல் கம்மல், தொண்டை இறுக்கம், நாக்கு வீக்கம், தலைசுற்றி மயக்கம் வந்தால் அனஃபைலாக்சிஸ். தோலில் தடிப்போடு திரும்பத் திரும்ப வாந்தி, வயிற்றைப் பிசையும் வலி வந்தாலும் அதேதான். தோலில் ஒன்றுமே தெரியாமலும் வரலாம்.

முதல் மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்பக்க நடுச்சதையில். செட்ரிசினும் ஸ்டீராய்டும் அதற்குப் பதில் ஆகாது. கிலோவுக்கு 0.01 மி.கி., அதிகபட்சம் 0.5 மி.கி. என்பது கணக்கு. உங்கள் பிள்ளைக்கு எத்தனை மி.லி. என்று டாக்டர் கையால் எழுதி வாங்குங்கள். அழுத்தினால் போதும் என்ற பேனா வடிவ ஊசி நம் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் ஆம்பூல் எனப்படும் சிறு கண்ணாடி மருந்துக் குப்பியும் சிரிஞ்சும் வைத்துக்கொண்டு, ஏற்றும் முறையை டாக்டரிடம் நேரில் பழக வேண்டும். வெயிலில் நிற்கும் காரிலோ ஃப்ரீசரிலோ அதை வைக்காதீர்கள், காலாவதித் தேதியை மாதம் ஒருமுறை பாருங்கள்.

ஊசி போட்டதும் 108. பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும், எழுந்து நடக்க விடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் இரண்டாவது டோஸ். சரியாகிவிட்டது என்றாலும் மருத்துவமனையில் சில மணி நேரம் இருந்தே ஆக வேண்டும், சிலருக்குத் திரும்ப வரும். எங்களுக்கு நடந்ததுபோல அட்ரினலின் போடத் தயங்கினால், டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டிக் கேளுங்கள். அந்தச் சீட்டு மருந்துப்பையிலேயே இருக்கட்டும்.

தனியாகப் பாத்ரூமுக்குப் போகக்கூடாது. வாய் குறுகுறுத்தால் முதலில் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடிக்க வேண்டும், பேச வராவிட்டாலும் சரி.

படி 8: பொறுப்பைக் கைமாற்றுங்கள்

பன்னிரண்டு வயதில் மருந்தின் பெயரைப் பிள்ளை சொல்ல வேண்டும். பதிமூன்று, பதினான்கில் ஸ்ப்ரேயைத் தானே அடிக்கட்டும், நாம் பார்த்துக்கொண்டால் போதும். பதினைந்தில் டாக்டரிடம் பேசுவது பிள்ளை, நாம் பக்கத்து நாற்காலி. சில நிமிடம் டாக்டரோடு தனியாகவும் இருக்க விடுங்கள். சிகரெட், வேப்பிங் பற்றி நம் முன்னால் சொல்ல மாட்டார்கள். ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளை என்றால், அறைத்தோழர், வார்டன், சமையல்காரர் மூவருக்கும் தெரிவது கட்டாயம். மாத்திரை மறந்த நாளில் கத்தினால் அடுத்த முறை மறைப்பார்கள். நான் கத்தியிருக்கிறேன், மறைத்தாள்.

நண்பர்களைச் சேர்த்துக்கொள்வதுதான் எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் மாற்றியது. அடுத்த டிசம்பரில் ராமேஸ்வரத்துக்குப் பள்ளிச் சுற்றுலா. போகும் முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கதவைத் தட்டிய அதே தோழியையும் இன்னும் இருவரையும் மகளே வீட்டுக்குக் கூப்பிட்டாள். டாக்டர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி, சாத்துக்குடியில் வெறும் தண்ணீரை ஏற்றிப் பழக்கினாள். முதலில் மூவரும் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றது. "ஜீன்ஸ் மேலேயே குத்தலாமா?" என்று ஒருத்தி கேட்டாள். குத்தலாம் என்றாள் மகள். "பாக்கெட்டில் செல்போன் இருந்தா?" என்றாள் இன்னொருத்தி. அதை நான் யோசித்ததே இல்லை. முதலில் பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பது என்று சீட்டின் அடியில் என் மகள் பேனாவால் சேர்த்து எழுதினாள். பிறகு சீட்டை மடித்துப் பையின் முன்பக்க ஜிப்பில் வைத்து, ஜிப் எங்கே என்று மூவருக்கும் தொட்டுக் காட்டினாள்.